உருபு வராத இடத்தைப் பாருங்கள்

"எத்தனை வேற்றுமை?" வேற்று மொழி ஒன்றின் இலக்கணத்தைக் கையில் எடுத்ததும் பெரும்பாலும் எழுகிற முதல் கேள்வி இது. ஜெர்மனில் 4, லத்தீனிலும் ரஷ்யனிலும் 6, தமிழில் 8, ஃபின்னிஷில் 15, ஹங்கேரியனில் 17-ஓ 18-ஓ என்று பட்டியல் நீளும். ரஷ்யாவின் தாகெஸ்தான் மலைப்பகுதியில் பேசப்படும் தபசரான் மொழிக்கு 48 என்று கின்னஸ் புத்தகமே எழுதியிருந்தது. மொழியியலாளர்கள் பெர்னார்ட் காம்ரியும் மரியா பொலின்ஸ்கியும் 1998-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டார்கள். அந்த அட்டவணையில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தனித்தனி உருபுகளே கிடையாது. உள்ளே, கீழே, பின்னே, அருகே என்று இடத்தைச் சொல்லும் ஒரு சிறு தொகுதி. அதன்மேல் இருத்தல், சேர்தல், நீங்கல் என்று திசையைச் சொல்லும் இன்னொரு சிறு தொகுதி. இரண்டையும் பெருக்கினால் எண் எகிறிவிடும். அதே முறையில் எண்ணினால் உள்ளிருந்து, மேலிருந்து, கீழிருந்து, பின்னாலிருந்து என்று தமிழுக்கும் சுலபமாக 30-ஐத் தாண்டலாம்.

நம் எட்டும் அவ்வளவு உறுதியானதில்லை. தொல்காப்பியம் வேற்றுமை ஏழு என்று சொல்லி, விளியைச் சேர்த்தால் எட்டு என்கிறது. மூன்றாம் வேற்றுமைக்கு அது தரும் உருபு 'ஒடு'. நன்னூல் அதே இடத்தில் 'ஆல்' என்பதை முன்னே வைக்கிறது. "கத்தியால் வெட்டினான்", "தம்பியோடு வந்தான்" இரண்டும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. இன்றைய மொழியியலாளர்கள் பெரும்பாலும் அவற்றைக் கருவி, உடனிகழ்ச்சி என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். 'இல்' என்ற உருபை நன்னூல் ஐந்தாம் வேற்றுமைக்குத் தருகிறது. இன்று அது முழுக்க ஏழாம் வேற்றுமையின் வேலையைச் செய்கிறது. ஐந்தாம் வேற்றுமையின் வேலைக்கு 'இலிருந்து' வந்து உட்கார்ந்துவிட்டது.

உலக அளவிலும் ஒரு கணக்கு உண்டு. மொழிக் கட்டமைப்புகளின் உலக வரைபடத் தொகுப்புக்காக ஒலிவர் இகெசன் எடுத்துக்கொண்ட 261 மொழிகளில் 100 மொழிகளில் பெயரோடு ஒட்டும் வேற்றுமை உருபே இல்லை. 10-ம் அதற்கு மேலும் உள்ளவை 24. ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு எந்த மொழியிலும் ஒரு வாக்கியம்கூட அமைக்க முடியாது. ஒரு மொழி எந்த இடத்தில் உருபு போடுகிறது, எந்த இடத்தில் போடாமல் விடுகிறது என்று பார்த்தால்தான் அதன் உள்வேலை பிடிபடும்.

உருபு வேறு, பங்கு வேறு

இந்த வேறுபாட்டைச் சமஸ்கிருத இலக்கணத்தில் பாணினி தெளிவாகப் பிரித்து வைத்தார். சொல்லின் ஈற்றில் தெரிவது விபக்தி. வினையில் அந்தப் பெயர் ஏற்கும் பங்கு காரகம். காரகங்கள் ஆறு: கர்த்தா, கர்மம், கரணம், ஸம்ப்ரதானம், அபாதானம், அதிகரணம். ஆறாம் வேற்றுமைக்கு இதில் பொதுவாக இடமில்லை, ஏனென்றால் அது ஒரு பெயரை இன்னொரு பெயரோடு சேர்க்கிறது. வினையோடு அதற்கு நேர் உறவு இல்லை. 1968-இல் சார்ல்ஸ் ஃபில்மோர் மேற்கத்திய மொழியியலில் இதை ஒட்டிய ஒரு யோசனையை முன்வைத்து, ஆழத்தில் உள்ள பங்குகளையும் மேலே தெரியும் வடிவங்களையும் பிரித்தார்.

தமிழிலேயே பார்க்கலாம். "கத்தியால் வெட்டினான்" என்பதில் 'ஆல்' கருவி. "மழையால் தாமதம்" என்பதில் காரணம். "அவரால் எழுதப்பட்டது" என்பதில் செய்தவர். "என்னால் முடியாது" என்பதில் திறன். ஒரே உருபு, நான்கு பங்கு.

திருப்பிப் போட்டாலும் உண்மைதான். "பணத்தை அவனுக்குக் கொடுத்தேன்", "பணத்தை அவனிடம் கொடுத்தேன்." இரண்டிலும் பணம் போய்ச் சேர்ந்த கை ஒன்றே. முதல் வாக்கியத்தில் பணம் அவனுடையதாகிவிட்டது. இரண்டாவதில் கை மாறியது, அவ்வளவுதான். வேறொருவரிடம் சேர்ப்பிக்கவோ பத்திரமாக வைத்திருக்கவோ கொடுத்திருக்கலாம். "அவளுக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்போம், "அவளிடம் ஒரு தம்பி இருக்கிறான்" என்று சொல்வதில்லை. பேனாவுக்கு நேர்மாறு: "அவளிடம் பேனா இருக்கிறது." பிரிக்க முடியாத உறவுக்கு 'கு', இப்போதைக்குக் கையில் இருப்பதற்கு 'இடம்'. தமிழ் கற்கும் வெளிநாட்டவர் வருடக்கணக்கில் தடுமாறும் இடம் இது. பாடப்புத்தகம் இரண்டையும் "அவளுக்கு உண்டு" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் காரணம்.

ஐ எங்கே மறைகிறது

இனி முக்கியமான இடம். "புத்தகம் வாங்கினேன்." "புத்தகத்தை வாங்கினேன்." இரண்டிலும் புத்தகம் செயப்படுபொருள். முதல் வாக்கியம் என்ன வேலை செய்தேன் என்று சொல்கிறது. இரண்டாவது, நமக்குள் ஏற்கனவே பேச்சில் இருக்கும் ஒரு புத்தகத்தைப் பற்றியது. அஃறிணையில் 'ஐ' வருவதும் வராததும் இப்படிக் குறிப்பான பொருளா இல்லையா என்பதைப் பொறுத்தது. உயர்திணையில் அந்தச் சலுகை இல்லை. "குழந்தையைப் பார்த்தேன்" என்றுதான் சொல்லவேண்டும். "குழந்தை பார்த்தேன்" காதில் ஏறாது. விலங்குகள் இடையில் நிற்கின்றன: "பூனை எலி பிடிக்கும்" பொதுவாகச் சரி, "அந்த எலியைப் பூனை பிடித்தது" என்பதில் ஐ வேண்டும். ஆனால் உயர்திணையிலும் ஒரு கதவு திறந்திருக்கிறது: "வேலைக்கு ஆள் தேடுகிறோம்." யாரென்று தெரியாத யாரோ ஒருவர் என்பதால் உருபு உதிர்ந்துவிடுகிறது. குறிப்பிட்ட ஆளானால் உடனே "அந்த ஆளைத் தேடுகிறோம்."

தமிழோடு எந்த உறவும் இல்லாத மொழிகள் இதே கணக்கைப் போடுகின்றன. துருக்கியில் "கிதாப் ஒகுதும்" என்றால் புத்தகம் படித்தேன். "கிதாபு ஒகுதும்" என்றால் புத்தகத்தைப் படித்தேன் (அந்த ஈற்று உகரம் நம் குற்றியலுகரத்துக்கு மிக அருகில் ஒலிக்கும்). ஸ்பானிஷில் வேற்றுமை உருபு இல்லை, ஆனால் மனிதர் செயப்படுபொருளாக வந்தால் முன்னால் 'அ' என்ற முன்னிடைச்சொல் வரும். "புஸ்கோ அ உன் மெதிகோ" என்றால் ஒரு குறிப்பிட்ட மருத்துவரைத் தேடுகிறேன். 'அ' இல்லாமல் "புஸ்கோ உன் மெதிகோ" என்றால் யாராவது ஒரு மருத்துவர் போதும். நம் ஆள் தேடும் வாக்கியம்தான் இது. ஹீப்ருவில் குறிப்பான பொருளுக்கு முன்னால் 'எத்', பாரசீகத்தில் பின்னால் 'ரா', இந்தியில் 'கோ'.

ரஷ்யன் இதையே உருமாற்றத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறது. "விஜு ஸ்தோல்", மேசையைப் பார்க்கிறேன், சொல் மாறவில்லை. "விஜு ப்ராத", சகோதரனைப் பார்க்கிறேன். ப்ராத் என்பது ப்ராத ஆகிறது, அதாவது ஆறாம் வேற்றுமையின் வடிவத்தைக் கடன் வாங்கிக்கொள்கிறது. ஆண்பால் ஒருமையில் உயிருள்ளவற்றுக்கு மட்டும் இந்த மாற்றம். பிணம் என்பதற்கு ரஷ்யனில் இரண்டு சொற்கள்: 'த்ரூப்' உயிரற்றது போல நிற்கும், 'மெர்த்வேத்ஸ்' உயிருள்ளது போல மாறும். சதுரங்க ராணியைக் குறிக்கும் 'ஃபெர்ஸ்' என்ற சொல்லும் உயிருள்ள கூட்டத்தில்தான். இலக்கணத் திணை உலக உண்மைக்குப் பக்கத்தில் நடக்கும், அதன் காலடியிலேயே கால் வைக்காது.

ஏன் இப்படி? ஒரு வாக்கியத்தில் இரண்டு பெயர் இருந்தால் எது செய்தது, எது பட்டது என்று தெரியவேண்டும். மேசையும் மனிதனும் இருந்தால் குழப்பமில்லை. மேசை யாரையும் படிக்காது, வாங்காது. இரண்டு மனிதர்கள் இருந்தால் யார் யாரை என்ற கேள்வி வருகிறது. ஆகவே பட்டவர் மனிதரானால் அடையாளம் போடு, பொருளானால் விட்டுவிடு. பொருளும் கவனத்தின் நடுவில் வந்து நின்றால் அதற்கும் போடு. எதிர்பார்த்தது எதிர்பார்த்த இடத்தில் இருந்தால் உருபு மிச்சம். லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம், ரஷ்யன் எல்லாவற்றிலும் அலிப்பால் (ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத) பெயர்களுக்கு எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே வடிவம் என்ற விதியை மாணவர்கள் வெறும் மனப்பாடமாகப் படிக்கிறார்கள். அதன் வேரும் இங்கேதான் இருக்கவேண்டும்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. "கதையைக் கேட்டான்" என்று 'ஐ' வெளிப்படையாக வந்தால் வல்லினம் மிகும். "கதை கேட்டான்" என்று உருபு மறைந்தால் மிகாது. 'கு' வந்தாலும் மிகும்: வீட்டுக்குப் போனான். 'ஆல்', 'ஓடு', 'இல்' வந்தால் மிகாது: கத்தியால் குத்தினான், அவனோடு பேசினான், வீட்டில் படுத்தான். ஐ, கு என்ற இரண்டை மட்டும் நினைவில் வைத்தால் பாதி சந்திப் பிழை ஓடிவிடும்.

ஃபின்னிஷ் ஒருபடி மேலே போய், செயப்படுபொருளின் வடிவத்திலேயே வேலை முடிந்ததா என்பதைச் சொல்லிவிடுகிறது. "லுயின் கிர்யன்", புத்தகத்தைப் படித்து முடித்தேன். "லுயின் கிர்யா", புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தேன், அல்லது கொஞ்சம் படித்தேன். வினை இரண்டிலும் ஒன்றே. நாம் துணைவினையில் செய்வதை அவர்கள் பெயரின் ஈற்றில் செய்கிறார்கள். எதிர்மறை வாக்கியமானால் எப்போதும் இரண்டாவது வடிவம்தான், ஏனென்றால் நடக்காத வேலை முடிந்திருக்க முடியாது.

செய்தவருக்கு உருபு

இதுவரை பட்டவருக்கு உருபு, செய்தவர் வெறுமனே. சில மொழிகள் இதைக் கவிழ்த்துப் போடும்.

மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். "மனிதன் வந்தான்" என்பதில் வந்தவன். "மனிதன் பையனைப் பார்த்தான்" என்பதில் பார்த்தவன். அதே வாக்கியத்தில் பார்க்கப்பட்டவன். வந்தவனும் பார்த்தவனும் ஒரே வாக்கியத்தில் சந்திப்பதே இல்லை. அதனால் அவர்களைப் பிரித்துக் காட்டத் தேவையில்லை. தமிழ் அந்த இருவரையும் ஒன்றாக வைத்து, பார்க்கப்பட்டவனுக்கு ஐ போடுகிறது. பாஸ்க் மொழி வந்தவனையும் பார்க்கப்பட்டவனையும் ஒன்றாக வைத்து, பார்த்தவனுக்கு உருபு போடுகிறது. "கிசொன எதொர்ரி த", மனிதன் வந்தான். "கிசொனக் முதில இகுசி து", மனிதன் பையனைப் பார்த்தான். செய்தவனுக்கு 'க்', பையனுக்கு ஒன்றுமில்லை. இதை எர்கட்டிவ் அமைப்பு என்பார்கள். கற்பவர்களைக் கவிழ்ப்பது வேறொரு விஷயம்: 'கிசொனக்' என்பதே "மனிதர்கள்" என்ற பன்மையும்கூட. "கிசொனக் எதொர்ரி திர", மனிதர்கள் வந்தார்கள். எது எது என்பதைக் கடைசியில் வரும் துணைவினையைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். பெயரை மட்டும் படித்துக்கொண்டு போனால் பாதி வாக்கியம் தவறாகப் புரியும்.

பாஸ்க் அளவுக்குப் போகவேண்டாம், இந்தியிலேயே இதன் பாதி இருக்கிறது. "ராம் கிதாப் படதா ஹை", ராமன் புத்தகம் படிக்கிறான்; உருபு இல்லை. "ராம் நே கிதாப் படீ", ராமன் புத்தகம் படித்தான். செய்தவனுக்கு 'நே', வினையோ புத்தகத்தின் பெண்பாலோடு ஒத்துப்போகிறது. செயப்படுபொருள் குன்றா வினையாக இருக்கவேண்டும், முற்றுப்பெற்ற காலமாகவும் இருக்கவேண்டும், அப்போதுதான் 'நே'. செயப்படுபொருளில் 'கோ' வந்துவிட்டால் வினை யாரோடும் ஒத்துப்போகாது, ஆண்பால் ஒருமையில் நின்றுவிடும்: "லட்கியோன் நே லட்கே கோ தேகா." தமிழர்கள் இந்தியில் செய்யும் பிழைகளில் பெரும்பங்கு இந்த ஒரு மூலையில் விழுகிறது. 'நே'யை விட்டுவிடுவது ஒன்று. அதைப் போட்டுவிட்டு வினையைச் செய்தவரோடு ஒத்துப்போகச் செய்வது இன்னொன்று. 'லானா' (கொண்டுவருதல்), 'பூல்னா' (மறத்தல்), 'போல்னா' (பேசுதல்) ஆகியவற்றோடும் 'நே' போடுவது மூன்றாவது. பொருளைப் பார்த்தால் போடத் தோன்றும், வழக்கில் வராது. தனியாகத்தான் மனப்பாடம் செய்யவேண்டும்.

ஜார்ஜியன் காலத்துக்கு ஏற்றபடி முழு அமைப்பையுமே மாற்றிக்கொள்ளும். நிகழ்காலத்தில் செய்தவர் எழுவாய் வடிவம், பட்டவர் நான்காம் வேற்றுமை. இறந்தகாலத்தில் செய்தவருக்கு எர்கட்டிவ், பட்டவர் எழுவாய் வடிவம். 'செய்திருக்கிறான் போலும்' என்ற பொருள் தரும் முற்றுக்காலத்தில் செய்தவருக்கு நான்காம் வேற்றுமை. ஒரே வினை, ஒரே ஆட்கள், மூன்று ஆடை.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பேசப்பட்ட டிர்பல் மொழியைத்தான் நான் இந்த விஷயத்தின் சாவி என்பேன். ஆர். எம். டபிள்யூ. டிக்ஸன் 1972-இல் அதற்கு முழு இலக்கணம் எழுதினார். அதில் 'நான்', 'நீ' போன்ற தன்மை, முன்னிலைப் பெயர்கள் தமிழைப் போல நடக்கின்றன: செய்பவர் வெறுமனே, படுபவருக்கு உருபு. மற்ற பெயர்கள் பாஸ்க்கைப் போல நடக்கின்றன: செய்பவருக்கு உருபு, படுபவர் வெறுமனே. ஒரே மொழிக்குள் இரண்டு அமைப்பு. மைக்கேல் சில்வர்ஸ்டீன் 1976-இல் இதை ஒரு படிவரிசையாக்கினார்: நான், நீ, மனிதர், விலங்கு, பொருள். மேலே இருப்பவர்கள் செய்பவர்களாக வருவது இயல்பு, ஆகவே அவர்கள் பட்டால் அடையாளம் தேவை. கீழே இருப்பவை படுபவையாக வருவது இயல்பு, ஆகவே அவை செய்தால் அடையாளம் தேவை. 'புத்தகம் வாங்கினேன்' என்பதில் ஐ மறைவதும், பாஸ்க்கில் செய்தவனுக்கு 'க்' வருவதும் இந்தப் பார்வையில் ஒரே கணக்கின் இரண்டு முனைகள்.

எனக்குப் பசிக்கிறது

பசி, தாகம், காய்ச்சல், கோபம், தெரிதல், புரிதல், பிடித்தல், வேண்டுதல், கிடைத்தல். இவற்றில் நாம் எதையும் செய்வதில்லை, நமக்கு நேர்கிறது. ஆகவே 'நான்' இறங்கி 'எனக்கு' ஆகிறது. "எனக்குக் கோபம் வந்தது" என்பதற்கும் "நான் கோபப்பட்டேன்" என்பதற்கும் இடையில் பொறுப்பு கொஞ்சம் இடம் மாறுகிறது.

இந்த நான்காம் வேற்றுமைப் பெயர் எழுவாயா? வினை அதோடு ஒத்துப்போகவில்லை. "எனக்குப் பசிக்கிறது" என்று வினை அஃறிணையில் நிற்கிறது. ஆனால் "ராமனுக்குத் தன் தம்பியைப் பிடிக்கும்" என்றால் 'தன்' ராமனைத்தான் சுட்டும், அந்த வேலையைச் சாதாரணமாக எழுவாய்தான் செய்யும். பாதி எழுவாய் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜெர்மனில் "மிர் இஸ்ட் கால்ட்", ரஷ்யனில் "ம்னே ஹோலத்ன", ஐஸ்லாந்தியில் "மியேர் எர் கால்ட்": மூன்றும் "எனக்குக் குளிர்கிறது". ஜெர்மனில் 'நான்' போட்டு "இஹ் பின் கால்ட்" என்றால் உணர்ச்சியற்றவன் என்று ஒலிக்கும். ஆங்கிலம் வழியாக ஜெர்மன் படிப்பவர்கள் இதில் விழுவார்கள்; தமிழிலிருந்து நேராகப் போனால் விழவேண்டிய அவசியமே இல்லை. ஐஸ்லாந்தியில் சில வினைகளுக்கு அனுபவிப்பவர் இரண்டாம் வேற்றுமையில் வரவேண்டும், "மிக் லங்கர்" (எனக்கு ஆசை) என்பதுபோல. பேச்சில் பலரும் அதை நான்காம் வேற்றுமைக்கு மாற்றி "மியேர் லங்கர்" என்கிறார்கள். இலக்கணக் காவலர்கள் அதற்கு 'நான்காம் வேற்றுமை நோய்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். என் கணிப்பில் அது நோயே இல்லை. அனுபவிப்பவருக்கு ஒரே உருபு என்ற ஒழுங்கை நோக்கி மொழி நகர்கிறது. தமிழ் எப்போதோ போய்ச் சேர்ந்த இடம் அது.

இடமும் திசையும்

ஃபின்னிஷின் 15-ஐக் கேட்டு மலைப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: அதில் ஆறு, ஒரே கட்டத்துக்குள் அடங்கும். 'தலோ' என்றால் வீடு. உள்ளே: தலொஸ்ஸ (வீட்டுக்குள்), தலொஸ்த (உள்ளிருந்து), தலோன் (உள்ளுக்கு). வெளிப்புறத்தில்: தலொல்ல, தலொல்த, தலொல்லெ. ஹங்கேரியன் இதை மூன்றுக்கு மூன்று என்று விரித்து ஒன்பதாக்குகிறது ('ஹாஸ்' என்றால் வீடு). உள்ளே: ஹாஸ்பன், ஹாஸ்போல், ஹாஸ்ப. மேற்பரப்பில்: ஹாஸொன், ஹாஸ்ரோல், ஹாஸ்ர. அருகே: ஹாஸ்னால், ஹாஸ்தோல், ஹாஸ்ஹொஸ். ஒவ்வொரு வரிசையிலும் இருத்தல், நீங்கல், சேர்தல்.

கட்டத்தைப் படிப்பது ஒரு மாலை வேலை. எந்தச் சொல் எந்த வரிசைக்குப் போகும் என்பதுதான் தொல்லை. ஹங்கேரிக்குள் இருக்கும் பெரும்பாலான ஊர்கள் மேற்பரப்பு வரிசையில் வரும்: புடபெஷ்தென், அதாவது புடாபெஸ்ட் 'மேல்'. வெளிநாட்டு ஊர்கள் உள் வரிசையில்: லோன்தொன்பன், லண்டனுக்கு 'உள்'. டெப்ரெசென் ஹங்கேரிக்குள்ளேயே இருந்துகொண்டு உள் வரிசையில் வரும். ஃபின்னிஷில் ஹெல்சிங்கிக்கு உள் வரிசை, தம்பெரெ நகருக்கு வெளி வரிசை. 'தங்குதல்' என்ற வினை ஃபின்னிஷில் இருத்தலை ஏற்காது, சேர்தலைக் கேட்கும்: ஃபின்லாந்துக்குத் தங்கினேன் என்கிற மாதிரி. 'பிடித்தல்' நீங்கலைக் கேட்கும்: "பிதான் சினுஸ்த", சொல்லுக்குச் சொல் வைத்தால் உன்னிலிருந்து எனக்கு விருப்பம். துருக்கியின் 'ஹோஷ்லன்மாக்' என்ற வினையும் அப்படியே நீங்கலோடு வருகிறது.

ஜெர்மன், ரஷ்யன், லத்தீன் மூன்றும் வேறு தந்திரம் செய்கின்றன. முன்னிடைச்சொல் ஒன்றேதான், பின்னால் வரும் பெயரின் வேற்றுமை இருத்தலா சேர்தலா என்று பிரிக்கிறது. ஜெர்மனில் 'இன்', 'அவுஃப்', 'உண்டர்' உள்ளிட்ட ஒன்பது சொற்கள் இப்படி. வீட்டில் இருந்தால் "இன் டேம் ஹவுஸ்", வீட்டுக்குள் போனால் "இன் டாஸ் ஹவுஸ்". அசைவு இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். வீட்டுக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தாலும் "இன் டேம்"தான். எல்லை கடக்கப்படுகிறதா என்று பாருங்கள்.

உருபுகள் எங்கிருந்து வருகின்றன

ஹங்கேரியனின் '-ர/-ரெ' என்ற உருபு பிறந்த தடம் எழுத்தில் இருக்கிறது. 1055-ஐச் சேர்ந்த திஹானி மடத்தின் லத்தீன் ஆவணத்தில் நடுவே சில ஹங்கேரியச் சொற்கள் வருகின்றன: "ஃபெஹெருவரு ரெஅ மெனெஹ் ஹொது உது ரெஅ". ஃபெஹேர்வாருக்குப் போகும் படைவழிக்கு என்று பொருள். 'ரெஅ' அங்கே இரண்டு முறையும் ஒரே மாதிரி நிற்கிறது. இன்று அதே உருபு முன்னால் வரும் சொல்லின் உயிரொலிக்கு ஏற்ப 'ர' என்றோ 'ரெ' என்றோ மாறுகிறது: ஹாஸ்ர, கெர்த்ரெ. உயிர் ஒத்துப்போகத் தொடங்கியது, அது சொல்லோடு ஒட்டிவிட்டது என்பதற்கான தடயம்.

தமிழில் இதே வேலை நம் கண்முன் நடக்கிறது. 'இருந்து' என்பது 'இரு' என்ற வினையின் எச்சம். "வீட்டில் இருந்து வந்தேன்" என்றால் ஒரு காலத்தில் வீட்டில் தங்கியிருந்துவிட்டு வந்தேன் என்று பொருள். இப்போது அது நீங்கல் உருபு. ஒட்டிவிட்டதா என்று சோதிக்க நடுவில் ஏதாவது நுழைத்துப் பாருங்கள். "வீட்டிலிருந்துதான் வந்தேன்" என்று 'தான்' கடைசியில் போகிறது. "வீட்டில்தான் இருந்து வந்தேன்" என்றால் நீங்கல் பொருள் கெட்டுவிடுகிறது. பேச்சில் இன்னும் தேய்ந்து 'வீட்டுலேந்து', 'வீட்டுலருந்து' என்று ஆகிவிட்டது. சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்ற சண்டைக்கு என் தீர்ப்பு: நீங்கல் பொருளில் சேர்த்தே எழுதுங்கள்.

தேய்மானம் மறுபக்கமும் வெட்டும். லத்தீனில் 'ரோஸாய்' என்ற ஒரு வடிவம் ரோஜாவின், ரோஜாவுக்கு, ரோஜாக்கள் என்ற மூன்றையும் குறிக்கும். ஈற்றசைகள் மேலும் மேலும் ஒன்றாகிப் போனால் கேட்பவர் சொல்வரிசையை நம்பத் தொடங்குவார். பிரெஞ்சு, ஆங்கிலம், பல்கேரியன் எல்லாம் பெயர்களின் பழைய உருபுகளைப் பெரும்பாலும் இப்படித்தான் கைவிட்டன. பிரதிப்பெயர்களில் மட்டும் மிச்சம் ஒட்டியிருக்கிறது.

தமிழில் அந்த ஆபத்து குறைவு, ஏனென்றால் எல்லாப் பெயருக்கும் ஒரே உருபு வரிசை. மாறுவது உருபுக்கு முன்னால் வரும் அடி மட்டும்: மரம் என்பது மரத்து, வீடு என்பது வீட்டு, ஆறு என்பது ஆற்று, அவை என்பது அவற்று. இந்த விதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கக் கடன்சொற்களைத் தொட்டுப் பாருங்கள். 'ரோடு' நெடில்தொடர் போல நடந்து 'ரோட்டில்' ஆகிறது. 'ஸ்டாண்டு' மென்தொடர், அதனால் 'ஸ்டாண்டில்', இரட்டிப்பு இல்லை. 'சிஸ்டம்' அம்மில் முடிவதால் 'சிஸ்டத்தில்'. 'டீம்' அப்படி முடியவில்லை, அதனால் 'டீமில்'. யாரும் சொல்லித்தரவில்லை, எல்லோரும் சரியாகச் சொல்கிறார்கள்.

படிக்கும்போது

பெயரை ஒற்றை வடிவில் படிக்காதீர்கள். லத்தீன் அகராதி 'ரேக்ஸ், ரேகிஸ்' என்று எழுவாயையும் ஆறாம் வேற்றுமையையும் சேர்த்தே தருவதற்குக் காரணம், அடி இரண்டாவதில்தான் தெரியும். ஃபின்னிஷில் மூன்று வேண்டும்: வெசி, வெதென், வெத்தா (தண்ணீர்). மூன்றில் எதைத் தவறவிட்டாலும் பின்னால் அடி பிறழும்.

வினையை அது கேட்கும் வேற்றுமையோடு படியுங்கள். ஜெர்மன் 'ஹெல்ஃபென்' நான்காம் வேற்றுமை, நம் 'உனக்கு உதவுகிறேன்' போலவே, சிரமமில்லை. 'ஃபோல்கென்' என்பதும் நான்காம் வேற்றுமை, நாமோ 'அவனைப் பின்தொடர்' என்கிறோம். 'ஃப்ராகென்' இரண்டாம் வேற்றுமை, நாம் 'அவனிடம் கேள்' என்கிறோம். ஜப்பானியத்தில் ஒருவரைச் சந்திப்பது செயப்படுபொருளுக்கான 'ஓ' என்ற உருபோடு வராது, 'நி'யோடு வரும். தமிழோடு ஒத்துப்போகும் வினைகளைத் தனித்தாளில் எழுதத் தேவையில்லை; முரண்படுபவை மட்டும் ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

ரஷ்யன் படிப்பவர்கள் எண்களுக்குத் தனியாக நேரம் ஒதுக்கவேண்டும். ஒன்று என்றால் 'அதீன் ஸ்தோல்', எழுவாய் ஒருமை. 2, 3, 4 என்றால் 'த்வா ஸ்தலா', ஆறாம் வேற்றுமை ஒருமை. 5-இலிருந்து 'ப்யாத் ஸ்தலோஃப்', ஆறாம் வேற்றுமைப் பன்மை. 21 வந்ததும் மறுபடி எழுவாய் ஒருமைக்குத் திரும்பும்: 'த்வாத்ஸத் அதீன் ஸ்தோல்'. கடைசி எண்சொல்தான் முடிவு செய்கிறது. ஆனால் 11 முதல் 14 வரை ஒற்றைச் சொற்களாக நிற்பதால் அவை 5-இன் கூட்டத்தைச் சேர்ந்தவை. 112 மேசைகள் என்று சொல்ல வந்தால் 12-ஐப் பாருங்கள், 2-ஐப் பார்க்காதீர்கள்.